மிச்சப் பணத்துக்குப் பெட்டி

சங்கரன்கோவிலில் சித்திரை மாதத்துப் பகல் இரண்டு மணிக்கு விழித்திருப்பவை இரண்டே இரண்டுதான். ஒன்று விசைத்தறி; மற்றொன்று, தறிக்கூடத்துக்கு அடுத்த அறையில் இருக்கும் என் தமக்கையின் பெண். மற்றவர்களெல்லாம் திண்ணையிலோ கூடத்திலோ சாய்ந்து விடுகிறார்கள். விருந்தாளியாகப் போயிருக்கும் நானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவன்தான். அவள் மட்டும் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, சென்னையில் உள்ள ஒரு கட்டட நிபுணருக்காக, இன்னும் கட்டப்படாத வீடுகளுக்குப் படம் எழுதிக் கொண்டிருப்பாள். வெறும் கோடு போட்ட வரைபடத்தை வாங்கி, வெயில் விழுந்த சுவரும் நிழல் விழுந்த முற்றமுமாக, புகைப்படம் என்றே மயங்கும்படி ஆக்கித் தருவது அவள் தொழில். கடைசியில் அந்தப் படத்தைக் கணக்கிட்டு உருவாக்கும் வேலையை யந்திரம் செய்கிறது. ஒரு படத்துக்கு மூன்று மணி நேரம் ஆகலாம். சில சமயம் விடிய விடிய ஓட வேண்டும்.

சென்ற சித்திரையில் அந்த யந்திரம் இரண்டு தடவை நடு இரவில் மூர்ச்சை போட்டுவிட்டது. காலையில் எழுந்து பார்த்தால் திரை கறுப்பு; படம் பாதி. சொன்ன தேதியில் வேலை போய்ச் சேரவில்லை. அதற்கு உண்டான பணமும் வந்து சேரவில்லை. இரண்டாவது தடவை அப்படி நடந்த அன்று அவள் சாப்பிடவில்லை என்று அக்காள் எனக்கு டெலிபோனில் சொன்னாள்.

அத்தான் வீட்டில் எட்டுத் தறிகள் ஓடுகின்றன. சேலை வியாபாரம் எப்படி இருக்கிறதென்று அவரிடம் கேட்டால் முதலில் பெருமூச்சு வரும். பிறகுதான் பதில் வரும். ஆனாலும், சீட்டு எடுத்த பணத்திலிருந்து எழுபதினாயிரம் ரூபாயைப் பெண்ணிடம் கொடுத்து, “புது யந்திரம் வாங்கிக் கொள். மாப்பிள்ளையும் கூட வரட்டும்” என்று என்னைத் துணைக்கு அனுப்பினார். இந்த விஷயத்தில் என்னுடைய ஞானம் எவ்வளவு என்பது அத்தானுக்குத் தெரியாது. நானும் அதை அவரிடம் சொல்லவில்லை.

தயாராக விற்கும் கம்ப்யூட்டரை வாங்காமல், பிராசஸர், மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு, எஸ்.எம்.பி.எஸ்., கேபினெட் என்று ஒவ்வொரு சாமானாகப் பொறுக்கி எடுத்து வீட்டிலேயே பூட்டிக் கொள்வது இப்போது நம் பிள்ளைகளிடையே சகஜமாகிவிட்டது. இதில் சிக்கனமும் உண்டு. தன் கையால் செய்தோம் என்ற திருப்தியும் உண்டு. ஆனால் பெரும்பாலோர் செய்யும் ஒரு காரியம் எனக்கு விசித்திரமாகப் படுகிறது. முக்கால் பங்குப் பணத்தைப் பிராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் கொடுத்துவிட்டு, கையில் மிஞ்சினதற்கு ஒரு கேபினெட்டை வாங்குகிறார்கள். அந்த மிச்சப் பணத்தில்கூட, எது அதிகமாக மினுக்குகிறதோ அதைத்தான் வாங்குகிறார்கள். பழைய யந்திரத்துக்கும் அப்படித்தான் பெட்டி வாங்கியிருந்தார்கள். முகப்பெல்லாம் கண்ணாடி, உள்ளே வானவில்லின் ஏழு நிறத்திலும் விளக்கு. அந்தப் பெட்டியைப் பார்த்து “பிரமாதம்!” என்று சொன்னவர்களில் நானும் ஒருவன்.

புறப்படுவதற்கு முன்னால் என் மருமகள் எனக்கு ஒரு வேடிக்கை காட்டினாள். பழைய யந்திரத்தில் ஒரு படத்தை ஓடவிட்டாள். பிராசஸரின் உஷ்ணம் 94 டிகிரிக்கு ஏறி அங்கேயே நின்றது. பிறகு பெட்டியின் பக்கத்துக் கதவை இரண்டு திருகாணிகளைக் கழற்றி எடுத்துச் சுவரோரமாகச் சாத்தினாள். இருபது நிமிஷத்தில் உஷ்ணம் 80 ஆகிவிட்டது.

“பார்த்தீர்களா மாமா? வியாதி பிராசஸருக்கு இல்லை. பெட்டிக்குத்தான்” என்றாள்.

வீட்டில் அடிக்கடி அணைந்து போகும் கம்ப்யூட்டரை வைத்திருக்கும் நேயர்கள், கடைக்குப் போய் ஒரு பைசா செலவழிப்பதற்கு முன்னால் இந்தப் பரீட்சையைச் செய்து பார்க்கலாம். கதவைத் திறந்ததும் உஷ்ணம் நன்றாக இறங்கினால், உள்ளே காற்றோட்டம் போதவில்லை என்று அர்த்தம். இறங்காவிட்டால் கோளாறு வேறு இடத்தில்: பிராசஸர்மேல் உட்கார்ந்திருக்கும் குளிர்விப்பான் சரியாகப் பதியவில்லை, அல்லது அதற்கு அடியில் தடவிய பசை உலர்ந்துவிட்டது.

“அப்படியானால் கதவைத் திறந்தே வைத்துவிட்டால் என்ன? செலவே இல்லையே!” என்றேன். அவள் பதில் சொல்லாமல் முகப்புக் கண்ணாடியையும் கழற்றிக் காட்டினாள். உள்ளே விசிறிகளுக்கு முன்னால் இருந்த வலையில் பஞ்சு அப்பிக் கிடந்தது. தறிகள் ஓடுகிற வீட்டில் நூலிலிருந்து உதிரும் இழைகள் காற்றில் மிதந்துகொண்டே இருக்கும். அவை வலைமேல் படிந்து, ஒன்றோடொன்று பின்னி, கம்பளியைப் போல் ஆகியிருந்தன. ஒரு கைக்குழந்தைக்குத் தலையணை தைக்க அது போதும். கதவைத் திறந்து வைத்தால் இந்தப் பஞ்சு வலையில் நிற்காமல் நேரே உள்ளே போய், குளிர்விப்பானின் தகடுகளுக்கு இடையில் குடியேறும். என் யோசனையை நான் வாபஸ் வாங்கிக் கொண்டேன்.

விசிறி என்றதும் அது குளிர்ச்சியை உண்டாக்குகிறது என்று நாம் நினைத்துக் கொள்கிறோம். விசிறி ஒன்றையும் குளிர வைப்பதில்லை. சூடான காற்றைத் தள்ளிவிட்டு, அந்த இடத்துக்கு அறையில் இருக்கும் காற்றைக் கொண்டு வருகிறது, அவ்வளவுதான். ஆகவே, அறையில் 38 டிகிரி இருந்தால் பெட்டிக்குள் அதைவிடக் குறையவே குறையாது. எவ்வளவு கூடும் என்பதற்குச் சுலபமான கணக்கு உண்டு. கம்ப்யூட்டர் தின்னும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் உஷ்ணமாகவே வெளிவருகிறது. 300 வாட் தின்னும் யந்திரத்துக்குள் நிமிஷத்துக்கு 50 கன அடி காற்று புகுந்து வெளியேறினால், அந்தக் காற்றின் உஷ்ணம் சுமார் 11 டிகிரி கூடும். உள்ளே போவது 38, வெளியே வருவது 49. பஞ்சு அடைத்துக்கொண்டு காற்று பாதியாகிவிட்டால் கூடுவது இரட்டிப்பாகி 22. அப்போது வெளிவருவது 60 டிகிரி. காற்றே அப்படியென்றால், அதில் குளிர வேண்டிய பிராசஸரின் கதி என்ன? இக்காலத்துப் பிராசஸர்கள் பெரும்பாலும் 95 அல்லது 100 டிகிரியை எல்லையாக வைத்துக்கொண்டு, அதைத் தொட்டதும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக் கொள்கின்றன. அப்படியும் உஷ்ணம் அடங்காவிட்டால் உயிர் பிழைப்பதற்காக அணைந்து விடுகின்றன. வேலை நின்று போயிற்றே என்று நாம் அழுதாலும், யந்திரத்தின் பக்கத்து நியாயம் அதுதான்.

பெட்டி என்பதும் ஒரு வீடுதான். நம் முன்னோர்கள் இந்த வெயில் சீமையில் வீடு கட்டியபோது, காற்று வருவதற்கு வாசலும் ஜன்னலும் வைத்தார்கள்; சூடேறிய காற்று மேலே போவதற்கு முற்றத்தைத் திறந்துவிட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் தடை வைக்கவில்லை. நல்ல கேபினெட்டுக்கும் இலக்கணம் அதுவே. முன்புறம் கீழிருந்து வர வேண்டும். பின்புறமும் மேலேயும் போக வேண்டும். முகப்புக்குக் கண்ணாடி போட்ட பெட்டியோ, வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு அதற்குப் பின்னால் மூன்று விசிறிகளை மாட்டியதற்குச் சமானம். ஓரத்தில் விரல் அகலம் இடுக்கு விட்டிருப்பார்கள். அதன் வழியாகத்தான் அந்த மூன்றும் மூச்சு வாங்க வேண்டும்.

திருநெல்வேலியில் நாங்கள் நுழைந்த கடையில் இப்படிப்பட்ட பெட்டிகள்தான் முன் வரிசையில் நின்றன. கடைப்பையன் பொத்தானை அமுக்கினான். ஆறு விசிறிகளும் பச்சை, ஊதா, சிவப்பு என்று சுழன்றன. என் மருமகள் அவற்றைத் திரும்பிப் பார்க்காமல், கைப்பையிலிருந்து தையல்காரர் அளவு நாடாவை எடுத்தாள். பின் வரிசையில், முகப்பு முழுவதும் சன்னமான இரும்பு வலையாக இருந்த ஒரு கறுப்புப் பெட்டியின் அருகில் போய்க் குந்தி உட்கார்ந்தாள். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அவள் அளந்தவை மூன்று. முதலில் மதர்போர்டு. 1995-ல் இன்டெல் கம்பெனியார் ஏ.டி.எக்ஸ். என்று ஓர் அளவை ஏற்படுத்தினார்கள். அதன்படி 305 மில்லிமீட்டருக்கு 244. அதில் சிறியதான மைக்ரோ ஏ.டி.எக்ஸ். 244-க்கு 244. மினி ஐ.டி.எக்ஸ். என்ற குட்டி 170-க்கு 170. பெரிய பெட்டியில் சிறிய பலகையைப் பூட்டலாம். மாற்றிச் செய்ய முடியாது. இரண்டாவது, கிராபிக்ஸ் கார்டின் நீளம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பெட்டிக்காரர் சொல்லும் நீளம் சில சமயம் முன்புற விசிறி இல்லாமல் அளந்தது. விசிறியின் கனம் 25 மில்லிமீட்டர். அதைக் கழித்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது, பிராசஸர்மேல் கோபுரம்போல் நிற்கும் குளிர்விப்பானின் உயரம். பெரிய கோபுரங்கள் 155, 160 மில்லிமீட்டர்கூட உயர்கின்றன. பக்கத்துக் கதவு மூடாமற்போனால், வாங்கிய கோபுரத்தைக் கொலுவில்தான் வைக்க வேண்டும்.

தகட்டின் கனத்தையும் அவள் விரலால் அழுத்திப் பார்த்தாள். மலிவுப் பெட்டிகளில் தகடு மெல்லியதாக இருந்து, விசிறி ஓடும்போது தகரக் கொட்டகையில் மழை பெய்வது போல அதிரும். (இந்தச் சாமான் முக்காலும் மடித்துத் துளையிட்ட இரும்புத் தகடுதான். பீரோ செய்கிறவர்கள் நம் ஊர்தோறும் இருக்கும்போது, இது ஏன் கப்பலேறி வர வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கடைக்காரரிடம் அதைச் சொல்வதற்கு அது சமயமல்ல.)

அழகையும் விலையையும் பார்த்து வாங்கினால் அபாயம் இராது என்பதும் இல்லை. அமெரிக்காவில் என்.இசட்.எக்ஸ்.டி. என்னும் பெயர்பெற்ற கம்பெனியார் வெளியிட்ட எச்-1 என்ற ஒய்யாரமான சின்னப் பெட்டியை, நெருப்புப் பிடிக்கக்கூடும் என்ற காரணத்தால் 2021-ல் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. உள்ளே ஒரு பலகையைச் சட்டத்தோடு இணைத்த இரண்டு உலோகத் திருகாணிகள்தான் காரணம். அவற்றால் மின்சாரம் குறுக்கே பாயக்கூடும் என்று கண்டார்கள்.

இனி விசிறிகள். சாதாரணமாகக் கிடைப்பவை 120 மில்லிமீட்டரும் 140 மில்லிமீட்டரும். பின்னதன் பரப்பு முன்னதைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகம். ஆகவே மெதுவாகச் சுற்றியே அதே காற்றைத் தரும். மெதுவாகச் சுற்றுவதில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது. வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும். ஆனால் சப்தம் சுமார் 15 டெசிபல் இறங்கிவிடும். விசிறி தின்னும் மின்சாரமோ எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆகவே ஒரு விசிறியை விரட்டுவதற்குப் பதிலாக இரண்டு விசிறிகளைப் பாதி வேகத்தில் நடக்க விட்டால், காற்றும் அதேதான். சப்தமோ இரண்டும் சேர்ந்தாலும் 12 டெசிபல் குறைவு. எட்டுத் தறிகள் முழங்குகிற வீட்டில் விசிறியின் சப்தத்தை யார் கேட்கப் போகிறார்கள் என்று நேயர்கள் கேட்கலாம். தறி இரவில் நிற்கிறது, கம்ப்யூட்டர் நிற்பதில்லை, அவள் படுப்பதும் அந்த அறையில்தான்.

ஆனால் இந்தக் கணக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வேகம் பாதியானால் விசிறி தள்ளும் அழுத்தம் கால் பங்காகிவிடும். முன்னால் வலையும், வலைமேல் பஞ்சும் இருந்தால் அந்த அழுத்தம் போதாது. விசிறி சுற்றும், காற்று நகராது. விசிறியின் உறைமேல் அச்சிட்டிருக்கும் காற்றின் அளவெல்லாம் எதிரே தடை ஒன்றும் இல்லாதபோது அளந்தது. தூசு வலைக்குப் பின்னால் மாட்டுவதற்கு, அகன்ற இலைகளை நெருக்கமாக வைத்த, அழுத்தம் அதிகமுள்ள ஜாதியைக் கேட்டு வாங்க வேண்டும். ஆஸ்திரியா தேசத்து நோக்டுவா கம்பெனியார் 2018-ல் வெளியிட்ட 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்றில் இலையின் நுனிக்கும் சட்டத்துக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் இடைவெளிதான் விட்டிருக்கிறார்கள். அந்த இடுக்கு வழியாகக் காற்று திரும்பிவிடக் கூடாதே என்றுதான் இவ்வளவு பிரயாசை. சாமான் உயர்ந்ததுதான், நிறம் மட்டும் காபிப்பொடியும் பாலுமாக இருக்கும். ஆனால் அதன் விலைக்கு நல்ல சாதாரண விசிறிகள் இரண்டு மூன்று வந்துவிடும். பஞ்சு பறக்கிற வீட்டில் அவற்றை வாங்கிப் போட்டு, வலையை ஒழுங்காகக் கழுவினால், அந்த ஒரு விசிறியைவிடப் பலன் அதிகம் என்பது என் மருமகளின் தீர்ப்பு. நானும் அதை ஒப்புக்கொண்டேன்.

விசிறிக்கு நான்கு முனைக் கம்பி உள்ளதாகப் பார்த்து வாங்குவது நல்லது. மூன்று முனை விசிறிகளுக்கு 12 வோல்டைக் குறைத்துக் குறைத்துத்தான் வேகத்தை அடக்க வேண்டும். நான்காவது கம்பி இருந்தால், மதர்போர்டு அதன் வழியாகக் கட்டளை அனுப்பி, உஷ்ணத்துக்குத் தக்கபடி கூட்டிக் குறைத்துக் கொள்ளும். அச்சையும் கேட்க வேண்டும். வெறும் குழலில் சுற்றும் மலிவு அச்சுகளில் எண்ணெய் நம் ஊர் உஷ்ணத்தில் சீக்கிரம் உலர்ந்து, ஒரு வருஷத்துக்குள் கரகரப்பு ஆரம்பித்துவிடும். பெட்டியின் மேல்தட்டில் படுக்கை வாட்டமாக மாட்டினால் இன்னும் சீக்கிரம்.

பெட்டிக்கு எத்தனை விசிறி? முன்னால் இரண்டு உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. பெரும்பாலான வீட்டு யந்திரங்களுக்கு இது போதும். முன்னால் மூன்று இருந்தால் உத்தமம். உள்ளே இழுப்பது வெளியே தள்ளுவதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். அப்போது பெட்டியின் சந்துபொந்துகள் வழியாகக் காற்று வெளியே கசியும். வெளியே தள்ளுவது அதிகமானாலோ, அதே சந்துகள் வழியாக வலையில் வடிகட்டாத காற்று உள்ளே இழுக்கப்படும். அதோடு பஞ்சும் வரும். தறி வீட்டுக்கு மட்டுமல்ல, தெருப் புழுதி பறக்கும் எல்லா வீட்டுக்கும் இது பொருந்தும். தென்காசிச் சீமையில் ஆனி பிறந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று வந்து மோதும் வேகத்தையும், ஆடியில் அது வாரி வரும் மண்ணையும் நான் வர்ணிக்க வேண்டியதில்லை. தபசுக்கு வந்தவர்களுக்குத் தெரியும்.

பஞ்சும் புழுதியும் போனால் பல்லி இருக்கிறது. குளிர்காலத்தில் கதகதப்பைத் தேடிப் பல்லி பெட்டிக்குள் புகுந்து, எஸ்.எம்.பி.எஸ்-க்குள் மின்சாரத்தை இணைத்துத் தானும் மாண்டு யந்திரத்தையும் மாய்த்த கதைகள் நம் பக்கத்தில் உண்டு. சங்கரநாராயணர் கோவிலுக்குப் பாம்பு, தேள் முதலிய உருவங்களை வாங்கிக் காணிக்கை செலுத்தி, புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு, பூச்சிபொட்டுகளின் தொல்லை தீர வேண்டும் என்று எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருகிறார்கள். அக்காளும் வேண்டிக் கொண்டிருக்கிறாள். என் மருமகள் அதோடு கூட, பெட்டியின் பின்புறத்தில் கார்டு மாட்டாத வாய்களுக்கெல்லாம் மூடி திருகாணியோடு இருக்கிறதா என்று பார்த்தாள். மலிவுப் பெட்டிகளில் அந்த மூடிகளை ஒடித்துத்தான் எடுக்க வேண்டும்; ஒடித்தால் திரும்பப் பொருந்தாது; பல்லிக்கு அது ராஜபாட்டை.

ஆக, கறுப்பு வலைப்பெட்டியும், அழுத்தமுள்ள விசிறிகள் நான்கும் வீடு வந்து சேர்ந்தன. கண்ணாடிப் பெட்டியைவிட விலையும் சற்றுக் குறைவுதான். “இதில் விளக்கே இல்லையே!” என்று அத்தான் ஏமாற்றத்தோடு கேட்டார்.

பூட்டும்போது எனக்கும் ஒரு வேலை கொடுத்தாள்: பின்புற விசிறியை மாட்ட வேண்டியது. நான்கு திருகாணிகளையும் வெகு சிரத்தையாக முடுக்கினேன். ஓடவிட்டுப் பார்த்தால், முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் காற்று உள்ளேயே போய்க் கொண்டிருந்தது. விசிறியின் நடுவில் அச்சைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் எந்தப் பக்கம் இருக்கின்றனவோ அந்தப் பக்கமாகத்தான் காற்று வெளிவரும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு கல்யாண வயது மருமகளின் சிரிப்பு தேவையாயிற்று. ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்திப் பின்புறம் காட்டினால் புகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக் கொள்ளலாம். பார்த்தவுடன் வத்தியை அப்புறம் கொண்டுபோய் விடவேண்டும். தினம் சாம்பிராணி போடுகிற பூஜை அறைக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டரை வைப்பது இரண்டுக்கும் நல்லதல்ல.

யந்திரத்தைச் சுவரை ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி, தரையில் வைக்காமல் மணைமேல் ஏற்றி வைத்தார்கள். எஸ்.எம்.பி.எஸ். கீழிருந்து காற்றை இழுக்கிறது. தரையில் இருந்தால் பெருக்குகிற குப்பையெல்லாம் அதன் வாயில்தான் விழும். கதவு வைத்த மேஜைக்குள் கம்ப்யூட்டரைப் பூட்டி வைப்பவர்களும், ஓடிக்கொண்டிருக்கும்போதே அதற்குப் பூவேலை செய்த துணி போர்த்துபவர்களும் நம்மில் உண்டு. அக்காள் ஒன்று தைத்து வைத்திருந்தாள். இரவில் அணைத்த பிறகு போர்த்தலாம் என்று சமாதானமாயிற்று.

இந்தச் சித்திரையில் நான் போயிருந்தபோது அறையில் 38 டிகிரி, பிராசஸர் 79. தறி முழங்கிக் கொண்டிருந்தது. படம் விடிய விடிய ஓடி, காலையில் முடிந்திருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் முகப்பு வலையைக் கழற்றிக் கழுவுவது அக்காளின் பொறுப்பாம். கொல்லைப்புறத்துக் கொடியில், சாயம் போட்ட நூலுக்கும் அத்தானின் வேஷ்டிக்கும் நடுவில், அது உலர்ந்து கொண்டிருந்தது.

“ஈரம் நன்றாகப் போன பிறகுதான் மாட்ட வேண்டும். நீ எடுத்துவிடாதே, தம்பி” என்று அக்காள் எனக்கு எச்சரிக்கை செய்தாள்.